வேகவைத்தாலும் போகாத நஞ்சு: மீன் பாதுகாப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மீன் உணவின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் துறையின் பொறுப்பாளர்களுக்கு,

மீன் சாப்பிட்டு வீட்டில் எல்லோரும் நோயுற்றோம் என்று நாங்கள் கொடுத்த புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. "மீன் கெட்டுப்போனதற்கான அடையாளம் இல்லை. நோய்க்கிருமி எதுவும் காணப்படவில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது." அவ்வளவுதான். கூடவே பொதுமக்களுக்காக நீங்கள் அச்சிட்ட துண்டறிக்கை ஒன்று. புதிய மீனாகப் பார்த்து வாங்குங்கள், நன்றாகக் கழுவுங்கள், நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், எந்த ஆபத்தும் வராது என்கிறது அது.

கோப்பை மூடியதை உங்கள் அலுவலக வழக்கம் என்று ஒதுக்கிவிட்டிருப்பேன். அந்தத் துண்டறிக்கையைத்தான் ஒதுக்க முடியவில்லை. அதில் சொல்லியிருக்கும் ஒவ்வொன்றையும் செய்த பிறகுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் படுக்கையில் விழுந்தோம். அதே அறிவுரை இன்னும் எத்தனையோ வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதைத் தனிக்கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அன்று நாங்கள் சமைத்தது பவளப்பாறைப் பகுதியில் பிடிபட்ட ஒரு பெரிய களவா மீன். கண் தெளிவாக இருந்தது, செவுள் சிவந்திருந்தது, விரலால் அழுத்தினால் சதை உடனே மேலே வந்தது. பனிக்கட்டி போட்டே வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வாடை இல்லை, கசப்பு இல்லை, நன்றாக வெந்திருந்தது. ருசியாகவும் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்; இந்த நஞ்சுக்கு ருசி கிடையாது. இரவுக்குள் எல்லோருக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும். அதுவரைக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். அப்புறம் வந்தவைதான் வேறு. உதடும் நாக்கின் நுனியும் மரத்துப்போயின. கெண்டைக்கால் தசைகள் வலித்தன. உடம்பெல்லாம் அரிப்பு, ஆனால் தோலில் ஒரு தடிப்பும் இல்லை. குழாயைத் திறந்து குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் சுட்டது.

மீன் தலையையும் ஈரலையும் சாப்பிட்டவர் என் அப்பா. அவருடைய நாடித்துடிப்பு இறங்கியது, இரத்த அழுத்தமும் இறங்கியது, எழுந்து நின்றால் கண் இருட்டியது. சதைத் துண்டை மட்டும் சாப்பிட்ட எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. மருத்துவமனையில் "உணவு ஒவ்வாமை" என்று எழுதி, சலைன் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் சுடுகிறது என்று அப்பா சொன்னபோது, பதற்றத்தில் அப்படித் தோன்றும் என்றார்கள். வயிறு சரியாகிவிட்டது. கை கால் எரிச்சலும் அரிப்பும் மாதக்கணக்கில் போகவில்லை. கடைசியில் நரம்பியல் மருத்துவர் ஒருவர்தான், "என்ன மீன், எந்தப் பகுதியைச் சாப்பிட்டீர்கள்?" என்று முதல் கேள்வியிலேயே கேட்டார். மீனில் சேரும் பாசி நஞ்சால் வரும் இந்த நோய்க்கு சிகுவாடெரா என்று பெயர் என்பதை நாங்கள் முதன்முதலில் கேட்டது அவரிடம்தான்.

இதில் உங்கள் பங்கு எங்கே வருகிறது என்றால், நாங்கள் புகார் கொடுத்தவுடன் உங்கள் அலுவலர் வந்தார், மரியாதையாகவே பேசினார். சமைத்த மீனில் மிச்சமிருந்ததை உறைபெட்டியில் வைத்திருக்கிறோம், எடுத்துப் போங்கள் என்றோம். சமைத்த உணவை இந்தச் சோதனைக்கு எடுப்பதில்லை என்றார். அதற்குப் பதிலாக, அதே வியாபாரியிடம் இருந்த அதே இனத்து வேறொரு மீனிலிருந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போனார். அந்த மீனில் கிருமியும், மீன் கெடும்போது உண்டாகும் ஹிஸ்டமின் என்ற பொருளும் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இரண்டும் இல்லை. கோப்பு முடிந்தது.

நாங்கள் சாப்பிடாத மீனில், எங்களைத் தாக்காத ஒன்றைத் தேடி, அது இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

இது அந்த அலுவலரின் தவறு என்று நான் நினைக்கவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட படிவத்தில் "மீன் கெட்டதா, கெடவில்லையா" என்ற கேள்வி மட்டுமே இருக்கிறது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பனிக்கட்டி இல்லாமல் போட்டுவைத்தால் ஹிஸ்டமின் உண்டாகும். அதைச் சோதிப்பது சரிதான், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் எங்களைத் தாக்கிய நஞ்சு மீன் செத்த பிறகு உண்டானதல்ல. மீன் கடலில் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தபோதே அதன் உடம்பில் இருந்தது. துடிக்கத் துடிக்கப் பிடித்துச் சமைத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

அது எப்படி அங்கே போய்ச் சேர்கிறது என்பது உங்களுக்குத் தெரியாத விஷயமாக இருக்க முடியாது. ஆனாலும் உங்கள் துண்டறிக்கையில் ஒரு வரிகூட இல்லாததால் சொல்கிறேன். பவளப்பாறையில் செத்த பவளத்தின் மேல் படரும் பாசிகளில், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் நுண்பாசி ஒன்று ஒட்டி வாழ்கிறது. 1977இல் ஜப்பானிய ஆய்வாளர் யசுமோட்டோவும் அவருடன் வேலை செய்தவர்களும் பிரெஞ்சு பாலினேசியாவின் கேம்பியர் தீவுகளில் அதை இந்த நோயோடு தொடர்புபடுத்தினார்கள். 1979இல் அந்தத் தீவுகளின் பெயராலேயே அதற்கு கேம்பியர்டிஸ்கஸ் என்று பெயர் வைத்தார்கள். நஞ்சு பாசியிலிருந்து உணவுச் சங்கிலி வழியாகத்தான் ஏறிவர வேண்டும் என்று மீனியல் ஆய்வாளர் ஜான் ராண்டால் 1958லேயே எழுதியிருந்தார். பாசியை மேயும் மீன்கள் அதையும் சேர்த்து விழுங்குகின்றன. அந்த மீன்களைக் களவா, செப்பிலி, சீலா, பாறை, அஞ்சாலை போன்ற வேட்டை மீன்கள் தின்கின்றன.

இதில் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. ஒன்று, உள்ளே வருவது வேகமாகவும் வெளியே போவது மிக மெதுவாகவும் இருப்பது. பெரிய குழாயில் நிரம்பி ஊசித் துளையில் ஒழுகும் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சிகுவாடாக்சின் என்ற இந்த நஞ்சு தண்ணீரில் எளிதில் கரைந்து வெளியேறும் பொருள் அல்ல. அஞ்சாலை மீன்களில் அது பாதியாகக் குறையவே சுமார் 264 நாள் ஆகும் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அதற்குள் அந்த மீன் எத்தனை இரை தின்றிருக்கும்! மற்றொன்று, மீனின் உடம்பு அந்த நஞ்சை அப்படியே வைத்திருப்பதும் இல்லை. பாசியில் இருக்கும் வடிவம் மீனுக்குள் ஆக்சிஜனேற்றம் அடைந்து, மனிதரை இன்னும் கடுமையாகத் தாக்கும் வடிவமாக மாறுகிறது. அதாவது பாசியில் இருந்ததைவிட வீரியமானது நம் தட்டுக்கு வருகிறது. அதிலும் ஈரல், குடல், முட்டை, தலை ஆகியவற்றில் சதையைவிடப் பல மடங்கு அதிகமாகத் தங்குகிறது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மட்டும் ஏன் அந்த நிலை என்பதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். உங்கள் துண்டறிக்கையில் இது இருந்திருந்தால் அவர் அந்த ஈரலைத் தொட்டிருக்க மாட்டார்.

மீன் பார்வைக்கு நலமாகவே இருக்கும். ஈ மொய்க்காத மீனில் நஞ்சு இருக்கும், வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு, பூனைக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும் என்று உலகின் பல கடற்கரைகளில் ஆளுக்கொரு சோதனை வைத்திருக்கிறார்கள். பூனைக்கு உண்மையாகவே நோய் வரும், பாவம். ஆனால் அதுவும் நம்பத்தக்க வழியல்ல. மற்றவை வெறும் நம்பிக்கை. வேகவைத்தாலும், பொரித்தாலும், உறையவைத்தாலும், உப்புக்கண்டம் போட்டாலும், புகையில் வாட்டினாலும் சிகுவாடாக்சின் அழியாது. கழுவினால் போகாது. உங்கள் அறிவிப்பு சொல்லும் ஒவ்வொரு வழியையும் எடுத்து இந்த நஞ்சின் முன் வைத்துப் பாருங்கள், ஒன்றுகூட நிற்காது.

சமைத்த மீனைச் சோதிக்க முடியாது என்ற விதியை இந்த இடத்தில் மறுபடி நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். வெப்பத்தில் அழியாத நஞ்சுக்கு, சாப்பிட்ட மிச்சமே இருப்பதில் சிறந்த சான்று. ஒரே பாறையில், ஒரே நாளில் பிடித்த, ஒரே இனத்து இரண்டு மீன்களில் ஒன்றில் நஞ்சு இருக்கும், மற்றொன்றில் இருக்காது. பாறையின் ஒரு பக்கம் பாதுகாப்பாகவும் மறு பக்கம் ஆபத்தாகவும் இருப்பதுண்டு. அப்படியிருக்க, பக்கத்து மீனை எடுத்துச் சோதித்து எங்கள் மீனுக்கு நற்சான்றிதழ் கொடுப்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

இது ஏதோ புதிதாக முளைத்த நோயும் அல்ல. 1774இல் கேப்டன் குக்கின் ரெசல்யூஷன் கப்பலில், இன்றைய வனுவாட்டு தீவுகளில் பிடித்த மீனைச் சாப்பிட்டவர்களுக்கு இதே அறிகுறிகள் வந்ததாகப் பயணக் குறிப்புகளில் இருக்கிறது. 2013இல் மடகாஸ்கரில் காளைச் சுறா ஒன்றின் இறைச்சியைச் சாப்பிட்டவர்களில் 11 பேர் இறந்தார்கள். பிறகு அந்த இறைச்சியில் சிகுவாடாக்சின் இருப்பது உறுதியானது. இறப்பு அரிது என்பது உண்மைதான். ஆனால் அரிது என்பதற்காக அறிவிப்பிலிருந்து ஒரு நோயையே விட்டுவிட முடியாது.

"பவளப்பாறை மீனுக்கு மட்டும்தானே இது" என்று நீங்கள் சொல்லக்கூடும். இல்லை. சிகுவாடெராவை நான் முன்னால் வைப்பது, அது எங்களைத் தாக்கியதால். வேறு நுண்பாசிகள் வேறு நஞ்சுகளை வேறு மீன்களிலும் சிப்பிகளிலும் சேர்க்கின்றன. 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள், பிழைத்தவர்களில் சிலருக்கு நினைவாற்றலே போனது. காரணம் சூடோ-நிட்சியா என்ற நுண்பாசி உண்டாக்கும் டோமோயிக் அமிலம். நான்கு ஆண்டு கழித்து அதே நஞ்சு கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் நெத்திலிகளின் வயிற்றில் இருந்தது. அவற்றைத் தின்ற கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் செத்து விழுந்தன. 1998இல் அதே கடற்பகுதியில் 400க்கும் மேற்பட்ட கடற்சிங்கங்கள் மாண்டன. 1987 கடைசியில் அமெரிக்காவின் கேப் காட் பகுதியில், கானாங்கெளுத்தி வகை மீன்களைத் தின்ற 14 கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் இறந்தன; அந்த மீன்களின் உடம்பில் இருந்தது சாக்ஸிடாக்சின் என்ற இன்னொரு பாசி நஞ்சு. 2004இல் ஃபுளோரிடாவில் 107 ஓங்கில்கள் (டால்பின்கள்) இறந்தபோது, அவற்றின் வயிற்றில் கிடந்த மீன்களில் கடல்நீரைச் செந்நிறமாக்கிப் பெருகும் பாசியின் பிரெவிடாக்சின் என்ற நஞ்சு ஏராளமாக இருந்தது.

திமிங்கிலமும் ஓங்கிலும் தின்பதைவிடப் புதிய மீன் உலகில் யாருக்கும் கிடைக்காது. அவற்றையே காப்பாற்றாத "புதிய மீன்" என்ற தகுதியை, மனிதர்களுக்கான ஒரே பாதுகாப்பாக நீங்கள் அச்சடித்துக் கொடுக்கிறீர்கள்.

இந்த நஞ்சுகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. டோமோயிக் அமிலம் தண்ணீரில் கரையும். நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களில் பெரும்பாலும் குடலில்தான் நிற்கும், பாசிப் பெருக்கு அடங்கினால் விரைவில் வெளியேறிவிடும். அங்கே "குடலை நீக்கிச் சாப்பிடுங்கள், முழு மீனாகச் சாப்பிடாதீர்கள்" என்பது பயனுள்ள அறிவுரை. சிகுவாடாக்சினில் குடலை நீக்கினால் ஆபத்து குறையும், போகாது, ஏனென்றால் சதையிலும் இருக்கிறது. பாசிப் பெருக்கு நாள்களில் ஒரு எச்சரிக்கை, பவளப்பாறை மீன்களுக்கு ஆண்டு முழுக்க வேறொரு எச்சரிக்கை என்று பிரித்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. எல்லாவற்றுக்கும் "நன்றாக வேகவையுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

சரி, உங்கள் தரப்புச் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. சிகுவாடாக்சினைச் சோதிப்பது கடினம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பசிபிக் வகைச் சிகுவாடாக்சினுக்கு வழிகாட்டு அளவாக வைத்திருப்பது ஒரு கிலோ மீனில் 0.01 மைக்ரோகிராம். ஒரு இலட்சம் டன் மீனில் ஒரு கிராம் கலந்தாற்போன்ற அளவு அது. 1989இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த நஞ்சின் வேதி அமைப்பைக் கண்டறிய சுமார் 4,000 கிலோ அஞ்சாலை மீன்களைச் சேர்த்து, கடைசியில் 0.35 மில்லிகிராம்தான் பிரித்தெடுத்தார்கள். எங்கும் எளிதாகக் கிடைக்கும் சோதனைக் கருவி இன்னும் இல்லை. அதனால் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மீனையும் சோதியுங்கள் என்று நான் கேட்கவில்லை.

சோதிப்பது கடினம் என்பது, பதிவு செய்யாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. சொல்லாமல் இருப்பதற்கு அதைவிடக் காரணம் ஆகாது. கேனரி தீவுகளில் 2004இல் இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்ட பிறகு, குறிப்பிட்ட சில இனங்களில் குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட மீனைச் சோதித்த பிறகே விற்க அனுமதிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ரெட் பாஸ் உட்படச் செப்பிலிக் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று இனங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவே கூடாது. சிகுவாடாக்சின் போன்ற நஞ்சுகள் உள்ள மீன் பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 853/2004 ஒழுங்குமுறை சொல்கிறது. ஹாங்காங்கில் பெரிய பவளப்பாறை மீன்களைத் தவிர்க்கவும், தலை, ஈரல், முட்டையைச் சாப்பிட வேண்டாம் என்றும் மக்களுக்கு நேராகவே சொல்கிறார்கள். உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 2018இல் நிபுணர்களைக் கூட்டி இதற்கென்றே ஒரு அறிக்கை தயாரித்து 2020இல் வெளியிட்டிருக்கின்றன. முன்மாதிரி இல்லாத எதையும் நான் கேட்கவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "பெரிய மீன் ஆபத்து, சிறிய மீன் பாதுகாப்பு" என்று ஒரு வரி சேர்த்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பிரெஞ்சு பாலினேசியாவில் பார்த்தபோது, பெரும்பாலான இனங்களில் மீனின் நீளத்தை வைத்து நஞ்சு இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. எடை வரம்பு சில இனங்களுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இனம், பிடித்த இடம், உடம்பின் பகுதி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் சாப்பிடுகிறவருக்குப் பயன்படும் தகவல். இப்போது மூன்றில் ஒன்றுகூட வாங்குகிறவருக்குக் கிடைப்பதில்லை. துண்டாக வெட்டி, தோலுரித்து, உறையில் போட்ட மீனில் இனத்தின் பெயரே சரியாக இருப்பதில்லை.

மீனவர்கள் மேலும் வியாபாரிகள் மேலும் பழியைப் போட்டுவிடாதீர்கள். கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ அவர்களாலும் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பாறையில் பிடித்ததைச் சாப்பிட்டால் உதடு மரக்கும் என்று அனுபவத்தில் தெரிந்த மீனவர்கள் பல கடற்கரைகளில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பதிவு செய்கிற வழி உங்களிடம் இல்லை. சொன்னால் தங்கள் மீனை யாரும் வாங்க மாட்டார்கள் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது; அது நியாயமான பயம். அதைப் போக்க வேண்டியது நீங்கள்தான்.

நோயாளியின் பக்கம் இருந்தும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. மானிட்டால் என்ற மருந்தை வெகுகாலம் நம்பிக் கொடுத்துவந்தார்கள். 2002இல் வெளியான ஒரு பரிசோதனையில் அது சாதாரண சலைனைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் நோயின் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். நிறைய ஆகும். பெயர் தெரிந்திருந்தால் சில மாதங்களுக்கு எந்த மீனும் வேண்டாம், மதுவும் கொட்டைப் பருப்புகளும் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். அவை அறிகுறிகளைத் திரும்பக் கிளப்பக்கூடியவை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உடம்பு தேற வேண்டுமென்று அப்பாவுக்கு நாங்களே மறுபடி மீன் கொடுத்தோம், எரிச்சல் திரும்ப வந்தது. ஒருமுறை பாதிக்கப்பட்டவருக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம். தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போனதாகவும் மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. அந்த வாரம் எங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நான் யோசித்திருக்கிறேன். உங்கள் துண்டறிக்கையை எழுதியவர் யோசித்திருக்க மாட்டார்.

இனி நான் கேட்பவை.

முதலில், அந்தத் துண்டறிக்கையை உடனே திரும்பப் பெறுங்கள். புதிதாக அச்சாகும் வரை காத்திருக்க வேண்டாம். "சில கடல் மீன்களில் இயற்கையான பாசி நஞ்சு சேர்ந்திருக்கலாம்; சமைப்பதாலோ உறையவைப்பதாலோ அது அழியாது; பாறைப் பகுதி வேட்டை மீன்களின் தலை, ஈரல், குடல், முட்டையைச் சாப்பிட வேண்டாம்; மீன் சாப்பிட்ட பின் உதடு மரத்தாலோ குளிர்ந்த தண்ணீர் சுட்டாலோ மருத்துவரிடம் மீன் சாப்பிட்டதைச் சொல்லுங்கள்" என்று எழுதினால் போதும். இதைவிட நீளமாக வேண்டாம். நீளமாக எழுதினால் யாரும் படிக்கப்போவதில்லை.

எங்கள் கோப்பைத் திறந்து, "கிருமி இல்லை" என்ற முடிவுக்குப் பக்கத்தில் "பாசி நஞ்சுக்காகச் சோதிக்கப்படவில்லை" என்று எழுதுங்கள். உண்மை அதுதான். மிச்சமிருக்கும் மீன் இன்னும் எங்கள் உறைபெட்டியில் இருக்கிறது. உங்களிடம் வசதி இல்லையென்றால், செல் வளர்ப்புச் சோதனையோ நிறமாலைச் சோதனையோ செய்யக்கூடிய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அனுப்ப மாட்டீர்கள் என்றால் அதை எழுத்தில் கொடுங்கள். இனிமேல் வரும் புகார்களில் சாப்பிட்ட மீனின் மிச்சத்தை, சமைத்ததாக இருந்தாலும், எடுத்துக்கொள்ளும்படி படிவத்தை மாற்றுங்கள்.

மருத்துவர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் மீன் நஞ்சாதலைச் சேர்க்க சுகாதாரத் துறையிடம் நீங்களே கேளுங்கள். உலகம் முழுக்க இந்த நோய் மிகக் குறைவாகவே பதிவாகிறது. பதிவாகாத நோய்க்கு எந்தத் துறையும் பணம் ஒதுக்காது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அறிகுறிகளை ஒரே பக்கத்தில் எழுதி அவசரப் பிரிவுகளுக்கு அனுப்புங்கள்.

பவளப்பாறை மீன்களுக்கு மட்டுமாவது, இனத்தின் பெயரும் பிடித்த பகுதியும் கரையிறக்கும் இடத்திலிருந்து விற்கும் மேசை வரை மீனோடு வர வேண்டும். ஒருவருக்கு நோய் வந்தால் எந்தப் பாறை என்று அன்றே தெரிய வேண்டும், அங்கே பிடிப்பதைத் தற்காலிகமாக நிறுத்தத் தெரிய வேண்டும். நிறுத்தும் நாள்களுக்கு அந்த மீனவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள். கொடுக்காமல் தடை மட்டும் போட்டால் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், நீங்கள் இப்போது இருக்கும் இடத்திலேயே நிற்பீர்கள். எந்த இனங்களை முழுவதுமாக விலக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழுவில் மீனவர்களையும் ஒரு நரம்பியல் மருத்துவரையும் உட்காரவையுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் என்ன காரணம் என்று தனித்தனியாக, 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். துண்டறிக்கையைத் திரும்பப் பெற 30 நாள் தேவையில்லை.

இப்படிக்கு,
உங்களிடம் புகார் கொடுத்த குடும்பத்தில் ஒருவர்